சத்தமில்லாத கீபோர்டு

கீ உள்ளே போனதா இல்லையா என்பதை இன்று காலையிலிருந்து குழந்தைவேலு கண்ணால்தான் பார்த்துத் தெரிந்துகொண்டிருந்தான். திரையில் எழுத்து விழுந்தால் போயிருக்கிறது, விழவில்லையென்றால் போகவில்லை. இருபத்திரண்டு வருடமாக இந்தக் கோர்ட்டில் டைப்பிஸ்ட். சாட்சியின் வாயைப் பார்த்துக்கொண்டே அடிப்பான், ஜன்னல் வழியாகத் தெரியும் சைக்கிள் ஸ்டாண்டைப் பார்த்துக்கொண்டே அடிப்பான். இன்று முதல் பாடம் படிக்கிறவனைப் போல ஒவ்வொரு எழுத்துக்கும் காத்திருந்தான். புதுக் கீபோர்டு சாம்பல் நிறத்தில் அப்பளம்போல இருந்தது. அழுத்தினால் கொஞ்சம் அமுங்கி அப்படியே நின்றுவிடும், பதில் சொல்லாது. நீதிபதி அம்மாதான் காலையில் தன் அறையிலிருந்து கொடுத்தனுப்பியிருந்தார். “அந்தப் பழைய கீபோர்டு போடுற சத்தத்துல சாட்சி பேசுறது எனக்குக் கேக்கவே மாட்டேங்குது குழந்தைவேலு. இது சத்தமில்லாதது, கைக்கும் சுகமா இருக்கும்” என்றார். நல்ல மாதிரியாகத்தான் சொன்னார். மாற்றலாகி வந்து ஒரு மாதம்தான் ஆகிறது, குரல் உயர்த்திப் பேசி யாரும் கேட்டதில்லை. அவன் “சரிங்கம்மா” என்றான். டவாலி பழைய கீபோர்டின் ஒயரைச் சுருட்டி, அதை அணைத்துப் பிடித்து, பீரோவின் மேல்தட்டில் கேஸ் கட்டுகளுக்கு நடுவே வைத்தார். அது கறுப்பு, கனம், தூக்கி எறிந்தால் ஆள் விழுந்துவிடுவான். ஒவ்வொரு கீயும் இறங்கும்போது ஒரு தரம் தடுத்து, பிறகு டக்கென்று உடைந்து, மேலே வரும்போது விரலைத் தள்ளிவிடும். அந்த டக் காதுக்கு மட்டும் போவதில்லை. விரல் எலும்பு வழியாக மணிக்கட்டுக்கு ஏறி முழங்கைவரை போகும். விரல் நுனிக்கு ஒன்றும் தெரியாவிட்டாலும் முழங்கைக்குத் தெரியும். ஒரு வருடமாக அவன் முழங்கையாலும் காதாலும்தான் அடித்துக்கொண்டிருந்தான். அது வேறு யாருக்கும் தெரியாது.

சாட்சிக் கூண்டில் சென்னியப்பன் என்பவர் நின்றிருந்தார். பனியன் கம்பெனியில் ஓவர்லாக் மிஷினில் தைக்கிறவர், தைத்தவர். பின்னால் வந்த லாரி இடித்து மொபெட்டோடு விழுந்ததில் வலது தோளுக்கடியில் நரம்பு போய்விட்டது. போன வாரம் இதே வழக்கில் நரம்பு டாக்டர் வந்து சாட்சி சொல்லிவிட்டுப் போனார், அதையும் குழந்தைவேலுதான் அடித்தான். அறுந்த நரம்பு ஒரு நாளைக்கு ஒரு மில்லிமீட்டர் வளரலாம். ஒன்றரை வருடத்தில் வரவில்லையென்றால் பிறகு வருவது அரிது. அதை அடித்துவிட்டு மத்தியானம் சாப்பிடும்போது முழங்கையிலிருந்து சுண்டுவிரல் நுனிவரை எத்தனை மில்லிமீட்டர் இருக்கும் என்று மனதுக்குள் அளந்தான். டிபன் டப்பாவின் மூடியையே ஸ்கேலாக வைத்துக்கொண்டு, மூன்று மூடி, நானூறு நாள், ஆனால் நமக்கு அறுபடவில்லையே, அறுபடாதது எப்படி வளரும், எங்கேயிருந்து வளரும். அவன் லாரியில் அடிபடவில்லை. சும்மா உட்கார்ந்து அடித்துக்கொண்டிருந்தான். போன வருடம் ஆடியில் இரண்டு கையிலும் சுண்டுவிரல் மரத்தது, ஐப்பசியில் மோதிரவிரல். பொங்கலுக்கு அடுத்த வாரம் நடுவிரல் நுனியில் காகிதம் ஒட்டியிருக்கிறது என்று நினைத்துப் பிய்க்கப் போனான், அங்கே காகிதம் எதுவும் இல்லை. மருந்துக் கடைக்காரர் சத்து மாத்திரை கொடுத்தார். டாக்டரிடம் போனால் பெயர் வைத்துவிடுவார்கள். பெயர் வைத்தால் சீட்டில் எழுதுவார்கள். எழுதினால் அது ஆபீசுக்கு வரும், பிறகு மெடிக்கல் போர்டு, டைப்பிஸ்ட் வேலைக்குத் தகுதியில்லை என்று நாலு பேர் கையெழுத்துப் போட்ட தாள். எத்தனை பேருக்கு அந்தத் தாளை அவனே அடித்துக் கொடுத்திருக்கிறான்.

“குழந்தைவேலு?” என்றார் நீதிபதி. “அடிச்சாச்சுங்கம்மா” என்றான். திரையைப் பார்த்தான். ‘விபத்திற்குப் பிறகும் நான் மொபெட் ஓட்டி வருகிறேன் என்று சொன்னால் அது சரியல்ல’ என்று இருந்தது. ‘சரியல்ல’வில் ஒரு எழுத்து இரண்டு தரம் விழுந்திருந்தது, அழித்தான். இன்சூரன்ஸ் கம்பெனி வக்கீல் தியாகு குறுக்கு விசாரணை செய்துகொண்டிருந்தார். அவர் கேள்வி கேட்பார், சாட்சி பதில் சொல்வார், இரண்டையும் சேர்த்து நீதிபதி ஒரு வாக்கியமாக்கிச் சொல்வார், அதை இவன் அடிக்க வேண்டும். சரியல்ல, சரியல்ல, எனக்குத் தெரியாது, சரியல்ல. இருபத்திரண்டு வருடத்தில் எத்தனை லட்சம் சரியல்ல. அந்தச் சொல்லுக்கு விரல்கள் எந்தெந்தக் கீக்குப் போகும் என்பது தூக்கத்தில்கூடத் தெரியும். ஆனால் போய்ச் சேர்ந்ததா என்பதுதான் தெரியவில்லை. இரண்டு ஆள்காட்டி விரலும் உட்காருகிற கீயில் சின்னதாக ஒரு மேடு இருக்கும், இருட்டில் வீட்டுத் திண்டுக்கல் பூட்டைத் தடவிக் கண்டுபிடிப்பதுபோல அதை வைத்துத்தான் கை தன் இடத்தைக் கண்டுபிடிக்கும். பழைய கீபோர்டில் அந்த மேட்டின்மேல் பசைத் துளி வைத்துக் காயவைத்து இன்னும் பெரிதாக்கியிருந்தான். “என்னண்ணா இது, கீபோர்டுக்கு அம்மை போட்டிருக்கு” என்று பெஞ்ச் கிளார்க் பிலோமினா கேட்டாள். “எனக்கு அப்படித்தான் பிடிக்கும்” என்றான். பிடிக்கும். அந்தச் சொல்லை வைத்துக்கொண்டு ஒரு வருடத்தை ஓட்டிவிட்டான். டீ குடிக்கும்போது பேச்சு அதற்குப் போகும். ஸ்டெனோ அமீனாவுக்கு லேப்டாப் மாதிரி உயரமே இல்லாத கீதான் வேண்டும். நகல் செக்‌ஷன் சதாசிவம் கீபோர்டுமேல் பிளாஸ்டிக் உறை போட்டு, மணிக்கட்டுக்குக் கீழே துண்டைச் சுருட்டி வைத்துக்கொண்டுதான் அடிப்பார், அது இல்லையென்றால் தோள் வலிக்குமாம். “நம்ம அண்ணன் அடிக்க ஆரம்பிச்சா வெளியில டிராக்டர் வந்து நிக்குதோன்னு கட்சிக்காரங்க எட்டிப் பாக்கறாங்க” என்பாள் பிலோமினா. அவன் சிரித்தபடி ஒரு பிரசங்கமே செய்வான். விரல் இறங்குகிற ஆழம், எதிர்த்து நிற்கிற பலம், கீ திரும்பி வருகிற வேகம், மெத்தென்ற கீயில் அடித்தால் கை சோம்பேறியாகிவிடும், விறைப்பான கீயில்தான் தப்பு வராது என்றெல்லாம். சொல்லச் சொல்ல அது அவனுக்கே உண்மைபோல இருக்கும். ருசி என்று ஒன்று இருக்கிற மனிதன். காரம் அதிகம் வேண்டும் என்கிறவனை யாராவது நாக்கு செத்துவிட்டதா என்று சந்தேகிப்பார்களா.

“கையை இந்த மேசைமேல வைங்க” என்றார் தியாகு. சென்னியப்பன் இடது கையால் வலது கையைத் தூக்குவதுபோலச் செய்து, பிறகு அது தானாகவே வந்தது, மேசைமேல் வைத்தார். தியாகு தன் கேஸ் கட்டிலிருந்து ஒரு குண்டூசியை உருவி மேசையில் போட்டார். “அதை எடுங்க பாப்போம்.” சென்னியப்பன் குனிந்து குண்டூசியை உற்றுப் பார்த்தார். இரண்டு விரல் அதை நோக்கிப் போயின, ஒரு தரம் தவறியது, அடுத்த தரம் எடுத்துவிட்டது. “எடுத்துட்டார் மேடம். குண்டூசியையே எடுக்கறவருக்கு துணி எடுக்கத் தெரியாதாம்.” பின்பெஞ்சில் யாரோ சிரித்தார்கள். “பாத்து எடுத்தனுங்க” என்றார் சென்னியப்பன். “மிஷின்ல தைக்கறப்ப ஊசியப் பாப்பமா, துணி ஓரத்தப் பாப்பமா? ஓரம் கைக்குத்தானுங்க தெரியோணும். இப்பக் கண்ணு ரெண்டு வேலை செய்ய வேண்டியிருக்குங்க.” குழந்தைவேலுவின் கண் அந்தக் குண்டூசிக்குப் போனது. மனைவி வசந்தாமணி மாவு மில்லுக்குப் போயிருந்த ஒரு ஞாயிற்றுக்கிழமை அவன் அவளுடைய சேலை ஊக்கை எடுத்து, கட்டிலில் உட்கார்ந்து, சுண்டுவிரலில் குத்திப் பார்த்திருந்தான். டாக்டர்கள் சாட்சி சொல்லும்போது ஊசியால் குத்திப் பார்த்தேன் என்று சொல்வார்கள், அதனால் அந்தச் சோதனை அவனுக்குத் தெரியும். முதலில் மெல்ல, பிறகு கொஞ்சம் பலமாக. பொட்டாக ரத்தம் வந்தது. வேறு யாருடைய விரலிலோ வருவதைப் பார்ப்பதுபோல அதைப் பார்த்துக்கொண்டிருந்தான். வலித்திருந்தால் சந்தோஷமாக அழுதிருப்பான். அவள் வந்து கேட்டபோது வாழைத்தண்டு நறுக்கினேன் என்று சொல்லிவிட்டான், பிறகு அதற்காக எழுந்துபோய் நிஜமாகவே வாழைத்தண்டு நறுக்கினான், விரல்களை எண்ணி எண்ணித் தள்ளி வைத்துக்கொண்டு.

நீதிபதி பேனாவைக் கீழே வைத்தார். “கண்ணை மூடிக்கிட்டா எப்படி இருக்கும்? நீங்களே சொல்லுங்க. குழந்தைவேலு, நான் வாக்கியமாச் சொல்லப்போறதில்ல. அவர் வார்த்தையிலேயே அடிச்சுக்குங்க, அது முக்கியம்.” சென்னியப்பன் நிஜமாகவே கண்ணை மூடினார். “கண்ண மூடுனா கை இல்லீங்கம்மா” என்றார். அதை அடித்தான். அது திரையில் விழுந்ததைப் பார்த்தான். அதற்குப் பிறகு அவன் திரையைப் பார்க்கவில்லை. மேசைமேல் கிடந்த அந்தக் கையைப் பார்த்தான். கட்டைவிரலுக்குக் கீழே சதை வற்றிக் குழி விழுந்திருந்தது, நகங்கள் மட்டும் ஒழுங்காக வெட்டப்பட்டிருந்தன. வெட்டிவிட்டது மனைவியாக இருக்கும். குழந்தைவேலுவின் கையிலும் அந்த இடத்தில் லேசாகத் தட்டையாகி வருகிறது, காலையில் குளிக்கும்போது பார்த்தான், இல்லை, போன மாதமே பார்த்தான், பார்த்துவிட்டு சோப்பை அதன்மேல் தேய்த்தான். சென்னியப்பன் பேசிக்கொண்டிருந்தார். இவன் விரல்கள் போய்க்கொண்டிருந்தன, காதில் விழுவது நேரே விரலுக்குப் போய்விடும், நடுவில் அவன் வேண்டியதில்லை, எப்போதும் அப்படித்தான். மகள் யாழினி போன தடவை காலேஜிலிருந்து வந்தபோது பஸ் ஸ்டாண்டில் கூட்டமாக இருந்தது. ரோட்டைக் கடந்து இந்தப் பக்கம் வந்து டீக்கடை வாசலில் நின்று பையை இந்தக் கைக்கு மாற்றலாம் என்று கையைத் தூக்கப் போனால் கை வரவில்லை. குனிந்து பார்த்தான். அவள் அவன் கையைப் பிடித்துக்கொண்டிருந்தாள். ரோட்டின் அந்தப் பக்கத்திலிருந்தே பிடித்துக்கொண்டு வந்திருக்கிறாள். பத்தொன்பது வயசுப் பெண் பழைய நினைப்பில் அப்பா கையைப் பிடித்திருக்கிறாள், அப்பாவுக்குத் தெரியவில்லை. “என்னப்பா அப்படிப் பாக்கறீங்க?” என்றாள். ஒன்றுமில்லை என்றான். அன்றைக்கு ராத்திரி படுத்துக்கொண்டு யோசித்தான், இதற்கு முன்னால் எத்தனை தரம் பிடித்திருப்பாள். இனி எத்தனை தரம். அவளுக்குக் கல்யாணம் நடந்தால் மாப்பிள்ளை கையில் அவள் கையை எடுத்து வைக்க வேண்டும், அப்போது அவன் குனிந்து, குண்டூசியைப் பார்ப்பதுபோல. “அவ்வளவுதானுங்கம்மா” என்றார் சென்னியப்பன். “வேற கேள்வி இல்லை” என்றார் தியாகு. நீதிபதி கடிகாரத்தைப் பார்த்தார். “சரி, பிரிண்ட் எடுத்துப் படிச்சுக் காட்டிக் கையெழுத்து வாங்கிடுங்க. சாப்பிட்டு வந்து நான் போடறேன்.” எழுந்தார், எல்லோரும் எழுந்தார்கள், அவரும் போனார், தியாகுவும் அடுத்த கோர்ட்டுக்குக் கட்டைத் தூக்கிக்கொண்டு போனார்.

குழந்தைவேலு திரையைப் பார்த்தான். ‘கண்ண மூடுனா கை இல்லீங்கம்மா’ என்று இருந்தது. அதற்குக் கீழே ஏழு வரி. ஏழு வரியிலும் ஒரு சொல் இல்லை. ஒட்டுவதற்கு எழுத்தில்லாமல் கொம்பும் காலும் புள்ளி வட்டங்களில் தொங்கிக்கொண்டிருந்தன, ஒரே எழுத்து வரிசையாகப் பதினாறு தரம் விழுந்திருந்தது, ஓர் இடத்தில் எண்கள். கை ஒரு கீ தள்ளி உட்கார்ந்துவிட்டது என்று புரிந்தது. அது எல்லா டைப்பிஸ்ட்டுக்கும் நடப்பதுதான். கை ஒரு கீ தள்ளி உட்கார்ந்தால் எல்லா எழுத்தும் ஒரு கீ தள்ளி விழும், ஒவ்வொன்றையும் ஒரு கீ திருப்பி வைத்தால் வாக்கியம் வந்துவிடும். சதாசிவம் ஒரு முறை ஒரு பக்கம் அப்படி அடித்துவிட்டார், இருவரும் சிரித்துக்கொண்டே அதைத் திருப்பினார்கள். இப்போதும் திருப்பிப் பார்த்தான். முதல் சொல் வந்தது, ‘எம்பட’, என்னுடைய. இரண்டாவது சொல்லில் பாதி வந்தது. மூன்றாவதில் கை இன்னொரு கீ நகர்ந்திருந்தது, அடுத்ததில் மேல் வரிசைக்குப் போயிருந்தது, பிறகு பல கீகள் அமுங்கவே இல்லை. விரல்கள் எங்கெங்கோ போயிருக்கின்றன. அவன் அவற்றோடு இல்லை. சென்னியப்பன் கூண்டிலிருந்து இறங்கி, ஓரமாக நின்று, சட்டைப் பையிலிருந்து பஸ் டிக்கெட்டை எடுத்துப் பார்த்துக்கொண்டிருந்தார். கூப்பிட்டு, அண்ணா, கடைசியாச் சொன்னதை இன்னொரு தரம் சொல்லுங்க என்று கேட்கலாம். கேட்டால் பிலோமினா எட்டிப் பார்ப்பாள். பத்து நாளைக்கு முன்னால் ஒரு சாட்சியத்தில் இரண்டு வரி விட்டுப்போனதை நீதிபதி கண்டுபிடித்து, “உடம்புக்கு ஏதாவது முடியலையா, சொல்லுங்க, எழுதிக் கேட்டு லேசான சீட்டுக்கு மாத்தித் தரேன்” என்றிருந்தார். அந்தப் பரிவுதான் அவனைப் பயமுறுத்தியது. ஏழு வரியையும் தேர்ந்தெடுத்து அழித்தான். பிறகு அடிக்க ஆரம்பித்தான், ஒவ்வொரு எழுத்தாகத் திரையைப் பார்த்து. அவர் என்ன சொன்னார் என்று நினைத்துப் பார்த்தான், உதடு அசைந்ததுதான் ஞாபகம் வந்தது. ஆனால் என்ன சொல்லியிருப்பார் என்பதற்கு அவன் நினைத்துப்பார்க்க வேண்டியதில்லை. ‘சட்டைப் பொத்தானைக் குனிந்து பார்க்காமல் போட முடியவில்லை. தண்ணீர் சூடாக இருக்கிறதா என்பது உதட்டில் வைத்தால்தான் தெரிகிறது. பையில் கையை விட்டால் சாவி இருக்கிறதா இல்லையா என்று தெரிவதில்லை, பையையே வெளியே இழுத்துப் பார்க்க வேண்டும். யாராவது பார்த்துக்கொண்டிருந்தால் சாவியைத் தேடுவதுபோல நடிக்க வேண்டும். என் மகள் கையைப் பிடித்துக்கொண்டு நடந்தால் அதுவும் தெரிவதில்லை. தூங்கி எழுந்ததும் கை இருக்கிறதா என்று முதலில் கண்ணால் பார்த்துக்கொள்கிறேன்.’ ஒரு வருடமாக யாரிடமும் சொல்லாததைச் சொல்லிக்கொண்டிருந்தான். எவ்வளவு லகுவாக வருகிறது. இன்னொருவர் பெயரில் இவ்வளவு லகுவாக.

பிலோமினா பிரிண்டைக் கையில் எடுத்துக்கொண்டு அவன் மேசைக்குப் பக்கத்தில் நின்றே படித்தாள். படித்துக்காட்டி, சாட்சி சரி என்று ஒப்புக்கொண்ட பிறகுதான் கையெழுத்து வாங்க வேண்டும். அவள் எப்போதும் ரேஷன் கடையில் பெயர் கூப்பிடுகிற வேகத்தில் படிப்பாள், சாட்சிகள் பாதி கேட்பார்கள், பாதி தலையாட்டுவார்கள், எல்லோருக்கும் பசி. சென்னியப்பனும் தலையாட்டிக்கொண்டு வந்தார். குண்டூசி பற்றிய வரி போனது. பொத்தான் வந்தபோது தலையாட்டுவது நின்றது. சாவி வந்தபோது அவர் பிலோமினாவின் முகத்தைப் பார்த்தார். “‘என் மகள் கையைப் பிடித்துக்கொண்டு நடந்தால்’...” “இருங்கம்மிணி” என்றார் சென்னியப்பன். “எனக்கு ஏதுங்க பொண்ணு? ரெண்டும் பசங்கதானுங்க.” பிலோமினா தாளைக் கண்ணுக்குக் கிட்டே கொண்டுபோனாள். “மகள்னுதான் போட்டிருக்கு. நீங்கதான சொன்னீங்க?” “நானு டீ டம்ளரப் பத்திச் சொன்னனுங்க. தூக்கறப்ப நழுவிப் போறதச் சொன்னேன். ஊட்டுக்காரி சோறு பெசஞ்சு தர்றதச் சொன்னேன். பொத்தானு, சாவி, இதெல்லாம் நான் சொல்லுலீங்க.” தன் வலது கையைப் பார்த்தார். “ஆனா எல்லாம் அப்படித்தானுங்க. தூங்கி எந்திரிச்சா கையப் பாக்கறது, அது என் சம்சாரத்துகிட்டகூடச் சொன்னதில்ல.” பிலோமினா மெதுவாகத் திரும்பினாள். “என்னண்ணா இது?” குழந்தைவேலு உள்ளங்கையைப் பேன்ட்டில் துடைத்தான், வியர்த்திருக்கிறதா என்று தெரியாமலே. “வேற கேஸ்ல இருந்து ஒரு வரி வந்து ஒட்டிருச்சு பிலோமினா. நேத்து அடிச்ச கேஸ். அந்த ஒரு வரிய எடுத்துட்டாப் போதும். மத்ததெல்லாம் சரின்னுதான சொல்றாரு.” “நேத்து ஏதுண்ணா கேஸ், நேத்து ஞாயித்துக்கெழம” என்றாள் அவள். குரலில் கேலி இல்லை. கேலியாக இருந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

அவன் மவுசால் கர்சரை அந்த வரியின் கடைசியில் வைத்தான். வலது மோதிரவிரலை மேல்மூலையில் இருக்கிற அழிக்கும் கீயின்மேல் கொண்டுபோய், சரியான கீதானா என்று பார்த்து, அழுத்தினான். ‘தெரிவதில்லை’ போனது. ‘அதுவும்’ போனது. ஒரு வரிதான். இது போய்விட்டால் மற்றதெல்லாம் சரி. அவர் கையெழுத்துப் போடுவார், பிலோமினா மத்தியானத்துக்குள் மறந்துவிடுவாள், சாயங்காலம் நீதிபதி அம்மாவிடம், வெளிச்சம் குறைவான இடம், பழைய கீபோர்டே பழக்கம் என்று கேட்டுப் பார்க்கலாம், பீரோவின் மேல்தட்டில்தானே இருக்கிறது. “ஏனுங்க” என்றார் சென்னியப்பன். மேசைக்கு அந்தப் பக்கமிருந்து குனிந்து, சத்தமில்லாமல், பக்கத்து வீட்டுக்காரனிடம் கேட்பதுபோலக் கேட்டார். “உங்களுக்கு எத்தன நாளாச்சுங்க?” குழந்தைவேலு அவரை நிமிர்ந்து பார்த்தான். அந்த முகத்தில் ஆச்சரியம்கூட இல்லை. எந்த ஊர் பஸ்ஸுக்கு நிற்கிறீர்கள் என்று கேட்கிற முகம். எனக்கு ஒன்றுமில்லை என்று சொல்ல வாயெடுத்தான். அடித்து அடித்து வருகிற மரப்புதான் என்று சொல்லலாம். அவன் ஒன்றும் சொல்வதற்குள் அவரே, “நம்ம டாக்டரு கொஞ்சம் முன்னாலயே வந்திருக்கோணும்னாருங்க” என்றார். “எனக்கு வர்றதுக்கு முன்னால அவரு யாருன்னே தெரியாது. உங்களுக்குத் தெரிஞ்சிருக்குமே, போன வாரம் இங்கதான வந்துட்டுப் போனாரு.” தெரியும். அவர் சொன்னதை ஒரு எழுத்து விடாமல் அடித்தவன். பிலோமினா எதையோ பார்த்துக்கொண்டிருந்தாள். அவனையல்ல, திரையை. அங்கே மகள் போய், சாவி போய், பொத்தான் போய், குண்டூசியும் போய், சரியல்ல சரியல்ல என்று வரி வரியாகக் காலையிலிருந்து அடித்ததெல்லாம் பின்பக்கமாக ஓடிக்கொண்டிருந்தது.

“அண்ணா, கீ மேல இருந்து கையை எடுங்க” என்றாள்.

“எடுத்துட்டேனே” என்றான் குழந்தைவேலு.